சுகாதாரத்துறைக்கு ஒரு திறந்த மடல்: எங்க தெரு டாக்டரைப் போக விடாதீங்க

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கும் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

சிவகாசிக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஊர்ல இருந்து எழுதுறேன். போன வாரம் எங்க குடும்ப டாக்டர் கிளினிக் வாசல்ல, இந்த மாசக் கடைசியோட கிளினிக்கை மூடுறேன்னு கையால எழுதி ஒட்டிட்டாரு. அவருக்கு 71 வயசு, 40 வருஷத்துக்கு மேல அதே ஒத்தை ரூம்தான், பட்டாசு ஆபீசுக்குப் போற சனங்க பாதிப்பேருக்கு அவர்தான் எல்லாமே. அதைப் படிச்சதுல இருந்து எனக்கு மனசு ஆறல.

குடும்ப டாக்டர் இல்லாமப் போறதுன்னா என்னங்கறது உங்களுக்குத் தெரியாம இருக்காது. ஆனா ஒரு வீட்டுக்குள்ள அது எப்படி நடக்குதுன்னு சொல்லணும்னு தோணுது, அதனால எங்கம்மா கதையைச் சொல்றேன்.

அம்மாவுக்கு சுகரும் பிரஷரும் இருக்கு. நான்தான் டவுன்ல பெரிய ஆஸ்பத்திரியில காட்டுவோம்னு கூட்டிட்டுப் போனேன். சுகர் டாக்டர் ஒருத்தர் பிரஷருக்கும் சேர்த்து அம்லோடிபின் எழுதினாரு, அப்புறம் ஹார்ட் டாக்டர் வேற கம்பெனி மாத்திரை ஒண்ணு எழுதினாரு, அதுக்குள்ளயும் அதே அம்லோடிபின்தான் கலந்திருந்துச்சு, பேரு வேறயா இருந்ததால எங்க யாருக்கும் தெரியல, அம்மா மூணு மாசம் ரெண்டையும் போட்டுச்சு. கால் ரெண்டும் வீங்குச்சு. வீக்கத்துக்கு மூணாவது டாக்டர்கிட்ட போனோம், அவர் நீர் போறதுக்கு மாத்திரை கொடுத்தாரு. அதுல உடம்புல சோடியம்ங்கற உப்புச் சத்து இறங்கி, ஒருநாள் விடியக்காலம் பாத்ரூம் போகையில தலைசுத்தி விழுந்து மணிக்கட்டு ஒடிஞ்சு போச்சு. இவங்க மூணு பேர்ல யாரையும் நான் கெட்ட டாக்டர்னு சொல்லல. அவங்கவங்க பாகத்தைப் பார்த்தாங்க, அம்மாவை முழுசாப் பார்க்க ஆள் இல்ல, அவ்வளவுதான்.

கட்டுப்போட்ட கையோட எங்க டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். இருக்குற மாத்திரை எல்லாத்தையும் எடுத்துட்டு வரச் சொல்லி மேசையில கொட்டினாரு, அட்டையில இருக்குற பொடி எழுத்தைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஒண்ணொண்ணாப் படிச்சாரு, அப்புறம் "தாயி, இது ரெண்டும் ஒரே மருந்து, பேருதான் வேற"ன்னாரு. ஹார்ட் டாக்டருக்கு அவரே போன் போட்டுப் பேசி, ரெண்டு மாத்திரையை நிப்பாட்டினாரு. கொஞ்ச நாள்ல கால் வீக்கம் வடிஞ்சிருச்சு. முழுசா 40 நிமிஷம் உட்கார்ந்து பார்த்தாரு, ஃபீஸ் 80 ரூபா.

அந்த 40 நிமிஷத்துக்கு இங்க காசு கொடுக்க யாரும் இல்லங்க ஐயா. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் இருக்கு, அது எத்தனையோ உயிரைக் காப்பாத்தியிருக்கு, அதை மறுக்கவே மாட்டேன், ஆனா அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில படுத்தாத்தான், அம்மா படுக்காம இருக்குறதுக்கு வேலை பார்த்த டாக்டருக்கு அதுல ஒரு ரூபா கிடையாது. 2021ல தொடங்குன மக்களைத் தேடி மருத்துவத்துல எங்க தெருவுக்கே மாத்திரை வருது, நல்ல விஷயம். ஆனா கொண்டு வர்ற அக்காகிட்ட 'இத்தனை மாத்திரை எதுக்கு'ன்னு கேட்டா அவங்க என்ன சொல்ல முடியும், அதுக்கு டாக்டர்தானே வேணும்?

எங்க டாக்டருக்குப் பிறகு அந்த நாற்காலியில உட்காரட்டும்னு முன்னாடி ஒரு இளம் டாக்டர் தம்பி வந்துச்சு. கைராசியான பையன், ஒரு வருஷம் இருந்துச்சு, பிறகு நீட் பிஜிங்கற மேல்படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் படிக்கணும்னு போயிருச்சு. "வெறும் எம்பிபிஎஸ்னா பொண்ணு கூட தர மாட்டேங்குறாங்கண்ணே"ன்னு சொல்லிட்டுப் போச்சு. அந்தத் தம்பி மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. அஞ்சரை வருஷம் படிச்சவனை நாமளே 'வெறும்'னு சொல்ற ஊர்ல அவன் எப்படி இருப்பான்? குடும்ப டாக்டர் ஆகுறதுக்குன்னே எம்டி ஃபேமிலி மெடிசின்னு ஒரு மேல்படிப்பு இருக்கு, அதைப் பரவலாக்கணும்னு 2017 தேசிய சுகாதாரக் கொள்கையிலயே எழுதியிருக்கு. 2022ல ஒரே நாள்ல 11 புது அரசு மருத்துவக் கல்லூரி திறந்த மாநிலம் இது, அத்தனை கல்லூரியிலயும் அந்தப் படிப்புக்கு இடம் கொடுக்க நம்மால முடியாதா?

வியாசர்பாடியில 5 ரூபாய்க்கு வைத்தியம் பார்த்த டாக்டர் திருவேங்கடம் 2020 ஆகஸ்ட்ல இறந்தப்ப எல்லாரும் கண்ணீர் விட்டோம், நானும்தான். அந்த மாதிரி மனுசங்களைக் கும்பிடணும். ஆனா அடுத்து வர்ற எல்லாப் பிள்ளைகளும் அப்படித் தியாகியா இருக்கணும்னு எதிர்பார்க்குறது நியாயமே இல்ல, அவங்களுக்கும் வாடகை இருக்கு, வீட்டுக்கடன் இருக்கு, பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் இருக்கு. இதுக்கு நடுவுல ரெஜிஸ்ட்ரேஷன், மருத்துவக் கழிவு, அந்தச் சான்று இந்தச் சான்றுன்னு கட்டுக் கட்டா பேப்பர் வேற. 1997ல வந்த மருத்துவ நிலையங்கள் சட்டத்துக்குள்ள பத்து மாடி ஆஸ்பத்திரியும் வருது, எங்க டாக்டரோட ஒத்தை ரூமும் வருது, அங்க பேப்பர் பார்க்கத் தனி ஆபீசே இருக்கு, இங்க ராத்திரி பத்து மணிக்கு மேல டாக்டரே உட்கார்ந்து எழுதணும். சட்டமே வேணாம்னு சொல்லல, போலி டாக்டரைப் பிடிக்க அது வேணும்தான். சின்ன கிளினிக்குக்கு அதை ஒரே இடத்துல, ஒரே ஃபார்ம்ல முடிச்சுக் கொடுங்கன்னுதான் கேக்குறேன்.

கோபத்துல ஏதும் கூடுதலாப் பேசியிருந்தா மன்னிச்சிருங்க. நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், குடும்ப டாக்டர் அவர் கிளினிக்லயே நிலைச்சு உட்காருறதுக்கு வழி பண்ணுங்க. காப்பீட்டுல ஒரு சின்னப் பங்கை இந்த மாதிரி கிளினிக்ல டாக்டரைப் பார்க்குறதுக்கும் ஒதுக்குங்க, எங்க தாலுகாவுலயே முதல்ல செஞ்சு பாருங்க. அந்தத் தம்பி திரும்பி வந்து உட்காரத் தோணுற மாதிரி ஏதாச்சும் செய்யுங்க, தயவு செஞ்சு.

மாசம் முடிய இன்னும் 19 நாள் இருக்கு. அம்மா வர்ற செவ்வாய்க்கிழமை பிரஷர் பார்க்க அங்கதான் போகுது, அதுக்கு அடுத்த மாசம் எங்க போறதுன்னு என்கிட்ட கேட்டுச்சு, நான் இன்னும் பதில் சொல்லல.

இப்படிக்கு,
அந்த கிளினிக்ல மூணு தலைமுறையா வைத்தியம் பார்த்துக்கிட்ட ஒரு குடும்பத்துல இருந்து