காலையில் முதல் ஸ்டார்ட்

நாமக்கல்,
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணு,

நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு உன் ஸ்விஃப்ட் டீசல் கார் நினைப்பாகவே இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கரகரவென்று ஒரு சத்தம். தொப்பூர் மேட்டில் முன்னைப் போல இழுக்கவில்லை, பின்னால் கரும்புகை. ஓசூரில் காட்டிய இடத்தில் ‘டர்போ போச்சு, இன்ஜினுக்கும் வயசாயிடுச்சு, வித்துட்டுப் புதுசு எடுத்துடுங்க’ என்று சொன்னார்களாம். போனில் நான் ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அவசரப்பட்டு வண்டியை விற்றுவிடாதே.

நீ சொன்ன இரண்டும் ஒரே கோளாறு இல்லை. தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலில் இழுவை. நீ பிறப்பதற்கு முன்னால் நம் பட்டறைக்கு நிறைய அம்பாசடர் டீசல் வரும். அது 1489 சிசி இன்ஜின், கொடுத்தது 37 குதிரைத்திறன்தான். உன் ஸ்விஃப்ட் 1248 சிசி. அதைவிடச் சின்னது, ஆனால் 75 குதிரைத்திறன் தருகிறது. இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணம் காமன் ரெயில், அதாவது அதிக அழுத்தத்தில் டீசலை வைத்து எல்லா சிலிண்டருக்கும் கொடுக்கிற குழாய். இன்னொரு காரணம் டர்போ. வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, இன்ஜினுக்குள் திணிக்கிறது. அந்தக் காற்று வருகிற வழியில் ரப்பர் ஹோஸ் இருக்கிறது. ஹோஸ் விரிசல் விட்டால் திணித்த காற்று வெளியே போய்விடும். டீசலுக்குத் தக்க காற்று கிடைக்காது. பாதி எரிந்த டீசல்தான் நீ பார்த்த கரும்புகை.

2018இல் இதே வண்டியில் இதே கோளாறு வந்தது, உனக்கு ஞாபகம் இருக்காது. அப்போதும் ஒருவர் டர்போ மாற்ற வேண்டும் என்றுதான் சொன்னார். நான் வீட்டு வாசலில் பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். மேலிருந்து பார்த்தால் ஹோஸ் புதுசு மாதிரி இருந்தது. வளைவுக்கு அடியில் கையை விட்டேன். மற்ற இடமெல்லாம் காய்ந்த தூசி. அங்கே மட்டும் கறுப்பாக, பிசுபிசுவென்று ஈரம். ஹோஸைக் கழற்றி அந்த இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கினேன். மீன் வாய் திறக்கிற மாதிரி ஒரு அங்குல நீளத்துக்குத் திறந்தது, விட்டால் மூடிக்கொண்டது. வண்டி சும்மா நிற்கும்போது அது மூடியே இருக்கும். மேட்டில் அழுத்தம் ஏறும்போதுதான் திறக்கும். அதனால்தான் பட்டறையில் நிறுத்திவைத்து ரேஸ் செய்து பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அது படுவதில்லை. புது ஹோஸுக்கு ஆன செலவு டர்போ விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

மேட்டில் மிதிக்கும்போது முன்பக்கம் புஸ்ஸென்று காற்றுச் சத்தம் கேட்கிறதா என்று கவனி. கேட்டால் பெரும்பாலும் ஹோஸ்தான். ஹோஸ் நன்றாக இருந்தால் அடுத்து ஈஜிஆர் வால்வைக் கழற்றிப் பார்க்கச் சொல். புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்புகிற வால்வு அது. ஊருக்குள்ளேயே மெதுவாக ஓடுகிற வண்டியில் கரி அடைத்து, மூட முடியாமல் நின்றுவிடும். கழற்றிச் சுத்தம் செய்தாலே பல சமயம் சரியாகிவிடும். தகடு வைத்து அடைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடு. அது புகையைக் குறைக்க வைத்தது, இருக்கட்டும்.

டர்போ உண்மையிலேயே போனால் அறிகுறி வேறு மாதிரி இருக்கும். புகை நீலமாக வரும், ஆயில் குறைந்துகொண்டே போகும், சங்கு ஊதுகிற மாதிரி ஊளைச் சத்தம் கேட்கும். அப்படி வந்தால் வண்டியை ஓட்டாதே. டர்போ வழியாக ஆயில் உள்ளே போனால் இன்ஜின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு தானாக ரேஸ் ஆகும், சாவியை அணைத்தாலும் நிற்காது. அந்த நேரத்தில் ஐந்தாவது கியர் போட்டு, பிரேக்கை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டு, கிளட்சை விட்டுவிடு. இன்ஜின் திணறி அணைந்துவிடும். உனக்கு அந்த நிலைமை வராது, ஆனாலும் தெரிந்திருக்கட்டும்.

இனி காலையில் கேட்கிற சத்தம். எனக்கு இதுதான் பெரிய கவலை.

வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்க இந்த இன்ஜினில் இருப்பது டைமிங் பெல்ட் இல்லை, செயின். ‘வண்டி ஆயுசு முழுக்க வரும், மாற்றவே வேண்டாம்’ என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். செயினை இறுக்கிப் பிடித்திருப்பது ஒரு டென்ஷனர். அது ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் எல்லாம் கீழே இறங்கியிருக்கும். சாவியைத் திருப்பினதும் அழுத்தம் ஏற ஒரு நொடி, இரண்டு நொடி ஆகும். அதுவரை செயின் தளர்ந்து லேசாகச் சத்தம் போட்டால் பயப்பட வேண்டியதில்லை. நாலைந்து நொடி நீடித்தால், அல்லது இன்ஜின் சூடான பிறகும் ஐடிலில், அதாவது மிதிக்காமல் சும்மா ஓடும்போது கேட்டால், செயின் நீண்டிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பல் தாண்டினால் போதும், பிஸ்டன் மேலே வருகிற நேரத்தில் வால்வு திறந்து நிற்கும். வால்வைத் தள்ளுகிற ராக்கர் உடையும், வால்வு வளையும். அப்புறம் செலவு பெரிதாகிவிடும்.

இந்தச் செயினைக் கெடுப்பது கிலோமீட்டர் இல்லை கண்ணு, ஆயில்தான். அளவு குறைந்த ஆயிலும், மாற்றாமல் விட்ட ஆயிலும். இதில் பிடிப்பதே சுமார் 3 லிட்டர். அதில் ஒரு லிட்டர் குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று கணக்கு. டர்போவுக்கும் அதே ஆயில்தான். அதன் தண்டு நிமிடத்துக்கு லட்சக்கணக்கான சுற்று சுற்றுகிறது. அதைத் தாங்கி நிற்பது ஒரு மெல்லிய ஆயில் படலம். வண்டியை உன்னிடம் கொடுத்த அன்றைக்கு டயர், ஸ்டெப்னி, இன்சூரன்ஸ் என்று எல்லாம் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. எனக்குக் கைப்பழக்கமாகிப் போன விஷயம் என்பதால் உனக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். அது என் தப்பு.

நாளைக் காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், சமதரையில் வண்டி நிற்கும்போது டிப்ஸ்டிக்கை எடு. துணியால் துடை, மறுபடி முழுசாக உள்ளே விட்டு எடு. இரண்டு குறிக்கும் நடுவில், மேல் குறிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆயில் கறுப்பாக இருக்கிறதே என்று பயந்துவிடாதே. டீசல் வண்டியில் புது ஆயில் கொஞ்ச நாளிலேயே கறுத்துவிடும், அதன் வேலையே கரியைச் சேர்த்து வைத்துக்கொள்வதுதான். ஒரு சொட்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார். வழுவழுவென்று இருந்தால் சரி. மணல் மாதிரி நெருடினாலோ, டீசல் வாசம் அடித்தாலோ, அளவு மேல் குறியைத் தாண்டி ஏறியிருந்தாலோ உடனே எனக்குப் போன் பண்ணு. டீசல் வாசமும் அளவு ஏறியதும் இன்ஜெக்டர் கசிந்து டீசல் ஆயிலில் கலப்பதால் இருக்கலாம். கம்பெனிக் கணக்கு 10,000 கிலோமீட்டர், அல்லது ஒரு வருஷம். உனக்குத் தினமும் ஆறேழு கிலோமீட்டர் ஓட்டம்தான், இன்ஜின் சரியாகச் சூடாவதற்குள் ஆபீஸ் வந்துவிடுகிறது. நீ 7,500க்கே மாற்றிவிடு. ஃபில்டரையும் சேர்த்து. புத்தகத்தில் போட்டிருக்கும் கிரேடு தவிர வேறு எதையும் ஊற்ற விடாதே.

இன்னொரு விஷயம். இதை நீ கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

என் இடது ஆள்காட்டி விரலில் இருக்கிற தழும்பைப் பற்றிச் சின்ன வயதில் கேட்பாய். கத்தி வெட்டு என்று சொல்லி வைத்திருந்தேன். அது கத்தி வெட்டு இல்லை. பட்டறை வைத்த புதிதில் நாசில் டெஸ்டரில் ஒரு லாரி நாசிலை, அதாவது டீசலைப் பீய்ச்சுகிற முனையை மாட்டி, லீவரை அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு துளை அடைத்திருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்தேன். எறும்பு கடித்த மாதிரிகூட வலிக்கவில்லை. ஊசி குத்திய அளவுக்கு ஒரு புள்ளி, ஒரு துளி ரத்தம். துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். ராத்திரி விரல் வாழைப்பூ மாதிரி வீங்கிவிட்டது. சேலத்துக்கு ஓடினோம். டாக்டர் விரலை நீளவாக்கில் கீறி உள்ளே போன டீசலைக் கழுவி எடுத்தார். இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் விரலையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார். அந்த நாசிலில் இருந்த அழுத்தம் 200 பார். உன் வண்டியின் ரெயிலில் ஆயிரம் பாருக்கும் மேல் போகும். உன் டயரில் இருப்பது சுமார் 2 பார்தான், நினைத்துப் பார். இன்ஜின் ஓடும்போது டீசல் கசிகிற மாதிரித் தெரிந்தால் கையை வைத்துத் தடவாதே, குனிந்து முகத்தைக் கொண்டுபோகாதே. அணைத்துவிட்டுத் தள்ளி நில். பழைய பழக்கத்தில் வண்டி ஓடும்போதே பைப் நட்டைத் தளர்த்தி எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்கிற மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி யாராவது ஸ்பேனரை எடுத்தால் வண்டியை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிடு.

டீசல் ஃபில்டரை நான் 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றி வந்தேன், அப்படியே செய். டேங்கை வற்றவிட்டு ஓட்டாதே. ரெயிலுக்கு டீசலை அழுத்தி அனுப்புகிற பம்ப்புக்கு டீசலே எண்ணெய். மார்கழியில் ஓசூர்க் குளிரில், சாவியைத் திருப்பினதும் டாஷ்போர்டில் எரிகிற சுருள் மாதிரியான விளக்கு அணைந்த பிறகு ஸ்டார்ட் செய். ஸ்டார்ட் ஆனதும் ரேஸ் கொடுக்காதே.

தொப்பூர் பற்றியும் சொல்ல வேண்டும். ஏறும்போது நாலாவது கியரில் 1200 ஆர்பிஎம்மில் வைத்து மிதித்துக்கொண்டே இருக்காதே. இந்த இன்ஜினின் முழு இழுவை, 190 நியூட்டன் மீட்டர், கிடைப்பது 2000 ஆர்பிஎம்மில். அதற்குக் கீழே டர்போ தூங்கும். மூன்றாவதுக்கு இறங்கிவிடு, 2000க்கு மேலே வைத்து ஏறு. மேட்டை இழுத்து ஏறின கையோடு டீக்கடையில் நிறுத்துவதாக இருந்தால் ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டு அணை, டர்போ ஆறட்டும். ஊருக்கு வரும்போது இறக்கத்தில் நியூட்ரல் மட்டும் போடவே போடாதே. டீசல் மிச்சம் என்று நினைத்துத்தான் பலர் போடுகிறார்கள். வண்டி கியரில் இருக்கும்போது நீ ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கம்ப்யூட்டர் டீசலை முழுக்க நிறுத்திவிடுகிறது, சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில்தான் ஐடிலுக்கு டீசல் செலவாகும். அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போன லாரிகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன், கண்ணு. எல்லாவற்றையும் உன்னிடம் சொல்ல மாட்டேன்.

வயசாகிவிட்டது என்று அவர்கள் சொன்னதற்கும் பதில் சொல்கிறேன். 1,38,000 கிலோமீட்டர் இந்த இன்ஜினுக்கு வயசே இல்லை. இத்தாலியில் ஃபியட் வடிவமைத்து 2003இல் கொண்டுவந்தது. இங்கே ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, டாடாவின் விஸ்டா, மான்சா, ஃபியட்டின் புன்டோ, லீனியா என்று அத்தனை வண்டியிலும் இதே 1248 சிசிதான். ‘நேஷனல் இன்ஜின்’ என்றே பேர் வைத்துவிட்டார்கள். மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை நிறுத்திவிட்டாலும் சாமான் கிடைக்கிறது, கை பழகின மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். 2012 பதிவு, ஆர்சி 2027 வரைக்கும். அதற்கு அப்புறம் எஃப்சி எடுத்துப் புதுப்பிக்கலாம், அதை அப்போது பார்த்துக்கொள்வோம்.

இப்போதைக்கு ஆயில் அளவை மட்டும் பார்த்துச் சொல். குறைந்திருந்தால் ஊற்றாமல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதே. ஹோஸ் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன், புதன்கிழமை வந்துவிடும். சனிக்கிழமை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்துவிடு. சத்தம் அதிகமானால் ஓட்டாதே, நான் பஸ் ஏறி அங்கே வருகிறேன். ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் சரி, அமுச்சி தூங்காமல்தான் இருப்பார். வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிடு. ஞாயிறு காலையில் நீ தொடாதே. முதல் ஸ்டார்ட்டை நான் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா