வேலை தெரிகிற படங்கள்

அன்புள்ள கண்ணு,

அப்பாவுக்குப் பிடித்த படங்களை எழுதி அனுப்பச் சொல்லி நீயும் கேட்டுக்கொண்டே இருக்கிறாய். மாப்பிள்ளைக்குத் தமிழ் இப்போதுதான் பிடிபடுகிறது, எந்தப் படத்தில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்றாய். போனில் பெயர்களை மட்டும் சொன்னால் "சரிப்பா, பார்க்கிறேன்" என்று முடித்துவிடுவாய். ஏன் பிடிக்கும் என்றும் சொல்ல ஆசை. அதனால்தான் கடிதம்.

தமிழில் வந்த சிறந்த படங்கள் எவை என்று கேட்டால் அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு ஒரு படம் மனதில் நிற்க வேண்டுமென்றால், அதில் வருகிற ஆள் என்ன வேலை செய்கிறான் என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பல படங்களில் கதாநாயகன் "வேலைக்குப் போறேம்மா" என்று கிளம்புவான், அடுத்த காட்சியில் மரத்தைச் சுற்றிப் பாடிக்கொண்டிருப்பான். நான் இரும்பு கடைகிற லேத் முன்னால் நின்றே வயதானவன். ஒருவனுடைய கை எதில் பழகியிருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அவனுடைய கோபமும் ரோஷமும் எனக்குத் தானாகவே புரிந்துவிடும்.

முதலில் "முள்ளும் மலரும்" பாருங்கள். 1978-இல் வந்தது, மகேந்திரன் இயக்கிய முதல் படம். உமாசந்திரனின் நாவலை எடுத்துத் தன் போக்கில் மாற்றிக்கொண்டார். பாலு மகேந்திரா தமிழில் ஒளிப்பதிவு செய்த முதல் படமும் இதுதான். ரஜினி இதில் மலைமேல் மின்நிலையத்தில் ட்ராலியைக் கம்பியால் இழுத்து ஏற்றி இறக்குகிற விஞ்ச் ஆபரேட்டர் காளி. அந்த ட்ராலி மேலே போவதும் கீழே வருவதும் அவன் கையில் இருக்கிறது. அது கம்பெனி வண்டிதான், ஆனால் அவனைப் பொறுத்தவரை அவனுடையது. ஊர்க்காரர்களை ஏற்றிக்கொள்கிறான், புதிதாக வந்த எஞ்சினியர் விதிப்படி அது கூடாது என்கிறார். இரண்டு பேர் மேலும் தப்பில்லை, சண்டை மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. அப்புறம் காளிக்கு ஒரு கை போய்விடுகிறது. தங்கை வள்ளியாக நடித்த ஷோபாவின் முகத்தை அந்த இடத்தில் கவனி. எங்கள் பட்டறைகளில் விரல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நாளைக்கு அந்தக் கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே பேசுவார்கள். வலியைவிட, இனி தன்னை யாரும் கூப்பிடமாட்டார்கள் என்ற நினைப்புதான் அவர்களை வாட்டும். ரஜினி அதை வசனமில்லாமல் காட்டியிருக்கிறார். அவர் நடித்ததில் எனக்கு இதற்கு மேல் எதுவும் இல்லை. முடிவில்கூட எஞ்சினியரைப் பிடித்துப்போய்விட்டது என்று காளி பொய் சொல்வதில்லை. அதற்காகவே அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

"தில்லானா மோகனாம்பாள்" நம் வீட்டில் எல்லோரும் பார்த்ததுதான். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதியதை 1968-இல் ஏ.பி. நாகராஜன் படமாக்கினார். காதல் கதையாகத்தான் இதைச் சொல்வார்கள். எனக்கு இது ஒரு செட்டு ஆட்கள் ஊர் ஊராகப் போய்த் தொழில் செய்கிற கதை. யார் எங்கே உட்காருவது, யார் பேச்சுக்கு யார் அடங்குவது, சம்பாவனை வாங்குகிற இடத்தில் மானத்தை எப்படிக் காப்பாற்றுவது, எல்லாம் அதில் இருக்கிறது. நாதஸ்வரம் வாசித்தது மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜி வாசிக்கிற மாதிரி நடித்தவர்தான், ஆனால் ஒரு தடவை சத்தத்தை நிறுத்திவிட்டு அவர் கன்னத்தையும் விரல்களையும் மட்டும் பார். மூச்சை எங்கே இழுக்கிறார், எங்கே விடுகிறார் என்று தெரியும். பக்கத்தில் தவிலோடு பாலையா. அந்தக் கிழவர் கண்ணாலேயே தாளம் போடுவார். கத்திக்குத்துப் பட்ட கையோடு இருக்கிறவரைப் பார்த்து பத்மினி "நலந்தானா" என்று ஆடும்போது, அந்தக் கேள்வி மனிதருக்கு மட்டும் இல்லை, அவர் வித்தைக்கும் சேர்த்துத்தான் என்று எனக்குத் தோன்றும். மாப்பிள்ளைக்கு மனோரமா பேசுகிற பேச்சு முழுக்கப் புரியாது, நீ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடு.

சரி, எல்லாவற்றுக்கும் மேலே நான் வைக்கிற படத்துக்கு வருகிறேன். பாலு மகேந்திராவின் "வீடு". 1988-இல் தியேட்டருக்கு வந்தது. பாட்டே கிடையாது. பின்னணிக்கு இளையராஜாவின் "ஹௌ டு நேம் இட்" இசைத்தொகுப்பிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள். சுதா என்று ஒரு பெண், ஆபீசில் வேலை பார்ப்பவள், தங்கையோடும் தாத்தாவோடும் வாடகை வீட்டில் இருக்கிறாள். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்கிறார். வேறு வீடு தேடி அலைந்து, கடைசியில் இருக்கிற மனையில் ஒரு சின்ன வீடு கட்டிவிடலாம் என்று துணிகிறாள். கதை அவ்வளவுதான். கடன், பிளான் அனுமதி, கான்ட்ராக்டர், செங்கல், சிமெண்ட் என்று ஒவ்வொன்றாக வருகிறது. நம் ஊரில் வீடு கட்டிய எவனும் அதைப் பார்த்துக்கொண்டே தன் கணக்கு நோட்டை நினைத்துக்கொள்வான்.

கான்ட்ராக்டர் சிமெண்டில் கைவைக்கிறான். அதைச் சுதாவிடம் சொல்வது யார்? மங்கம்மா என்கிற சித்தாள். "பசி" சத்யா நடித்திருக்கிறார். கூலிக்கு வந்தவள் அவள், அந்த வீட்டில் அவளுக்கு ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. ஆனாலும் வேலை ஒழுங்காக நடக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு ஆத்திரம் இருக்கிறது. நல்ல வேலைக்காரர்களுக்கு மட்டும் வருகிற ஆத்திரம் அது. நான் வேலை கற்றுக்கொண்ட பட்டறையில் ஒரு பெரியவர் இருந்தார், பம்பு ஷாஃப்ட்டில் ஒரு நூல் அளவு கூடினாலும் முதலாளியிடமே சண்டைக்குப் போவார். மங்கம்மா வாயைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான்.

அப்புறம் தாத்தா. சொக்கலிங்க பாகவதர் என்ற பழைய நாடகக் கலைஞர். பாதி எழும்பிய வீட்டை அவர் தனியாகப் பார்க்க வருகிற காட்சி ஒன்று இருக்கிறது. குடையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாக நுழைகிறார், பூசாத சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். பக்கத்தில் யாரும் இல்லை, பேச்சும் இல்லை. அந்தக் காட்சிக்குப் பிறகு அவர் அதிக நேரம் இருப்பதில்லை. சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்கு இந்தப் படத்துக்காகத் தேசிய விருது கொடுத்தார்கள், நியாயம்தான். ஆனால் நான் பாகவதருக்காகத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நம் வீட்டுச் சுவருக்கு நீ சின்னக் குடத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டு திரிந்தது உனக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. செங்கலுக்குத் தாகம் எடுக்குமாப்பா என்று கேட்டாய்.

படத்தின் முடிவு சப்பென்று இருக்கிறது என்று உன் சித்தப்பா சொல்வார். எனக்கு அப்படி இல்லை. கட்டி முடிகிற நேரத்தில் அந்த மனை ஏற்கெனவே அரசு எடுத்துக்கொண்டது என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். சுதா கோர்ட்டுக்குப் போகிறாள், படம் நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் ஒரு நல்ல அதிகாரியைக் கொண்டுவந்து வீட்டை மீட்டுக் கொடுத்திருந்தால் நான் எழுந்து போயிருப்பேன்.

"சர்வர் சுந்தரம்" பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாகேஷ் கோப்பையும் தட்டுமாக அடுக்கித் தூக்கிக்கொண்டு நடப்பதற்காகவே பார்க்கலாம். இன்னொன்று, "அவளுக்கென்ன" பாட்டில் எம்.எஸ். விஸ்வநாதனும் டி.எம். சௌந்தரராஜனும் திரையிலேயே வருகிறார்கள். ஒரு பாட்டு எப்படிப் பதிவாகிறது என்று 1964-லேயே சனங்களுக்குக் காட்டிய படம்.

நீ காலேஜில் படிக்கும்போது லேப்டாப்பில் போட்டுக் காட்டிய இரண்டு வெளிநாட்டுப் படங்களும் இந்தப் பட்டியலில் உண்டு. இத்தாலிக்காரர் டி சிகாவின் "பைசைக்கிள் தீவ்ஸ்" ஒன்று. போஸ்டர் ஒட்டுகிற வேலைக்குச் சைக்கிள் வேண்டும், அடகில் இருக்கிற சைக்கிளை மீட்க வீட்டுப் படுக்கைத் துணிகளை அந்த மனைவி அடகு வைக்கிறாள். அடகுக்கடையில் ஒருத்தன் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு உயர உயர ஏறுவான், மேலே வரைக்கும் அதே மாதிரி மூட்டைகள். ஊரே அடகில் இருக்கிறது. கதாநாயகனாக நடித்தவர் நடிகர் இல்லை, நிஜமாகவே ஆலைத் தொழிலாளி என்று நீ சொன்னதும் எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. அந்த மனிதர் முதல் நாள் வேலையில் போஸ்டரை நீவுகிற விதத்தில் ஒரு பயம் இருக்கும், புது வேலைக்காரனின் பயம். இன்னொன்று சாப்ளினின் "மாடர்ன் டைம்ஸ்". நட்டு முறுக்கி முறுக்கி, வேலையை விட்டு விலகிய பிறகும் அவர் கை தானாக முறுக்கிக்கொண்டே இருக்கும். நீயும் அம்மாவும் சிரித்தீர்கள். தூக்கத்தில் என் கை ஹேண்டில் சுற்றுகிறது என்று உன் அம்மா பலமுறை சொல்லியிருக்கிறாள், அதனால் நான் சிரிக்கவில்லை.

புதிய படங்களில் இரண்டைச் சேர்த்துக்கொள். வசந்தபாலனின் "அங்காடித் தெரு", 2010. தி.நகர் துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை செய்கிற பிள்ளைகளின் கதை. அதில் ஒரு ஆள் வருவான். பிழைக்க வழியில்லாமல் திரிந்தவன், கேட்பாரற்று நாறிக்கிடக்கிற பொதுக் கழிப்பறையைத் தானாகவே கழுவிச் சுத்தம் செய்து, வாசலில் உட்கார்ந்து காசு வாங்க ஆரம்பித்துவிடுவான். சின்னப் பகுதிதான், ஆனால் அவன் நடை அதற்குள் மாறிவிடும். படத்தின் பின்பாதியில் சோகத்தை அளவுக்கு மேல் அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். இருந்தாலும் பார். மணிகண்டனின் "காக்கா முட்டை" உனக்கே தெரியும். 299 ரூபாய் பீட்சாவுக்கு அந்தப் பையன்கள் தண்டவாளத்தோரம் நிலக்கரி பொறுக்கிச் சேர்க்கிற காசைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம்.

"காஞ்சிவரம்" மட்டும் தனியாகப் பார்க்காதே. மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கட்டும். பிரியதர்ஷன் எடுத்தது, சிறந்த படத்துக்கான தேசிய விருதும், பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தன. வேங்கடம் பட்டு நெய்கிறவன். ஊரார் பெண்களுக்கெல்லாம் நெய்கிறான், தன் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு பட்டு வாங்க முடியாது. பெண் பிறந்ததும், கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை கட்டித்தான் அனுப்புவேன் என்று வாக்குக் கொடுத்துவிடுகிறான். அப்புறம் அந்த வாக்கு அவனை என்னவெல்லாம் செய்யவைக்கிறது என்பதுதான் படம். வேலை செய்கிற இடத்திலிருந்து பட்டு நூலை வாயில் ஒளித்து எடுத்து வருவான். கூட வேலை செய்கிறவர்களின் போராட்டத்தைக்கூட அந்த நூலுக்காகக் கைவிடுவான். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சரி என்றும் சொல்ல முடியவில்லை. கடைசிக் காட்சியை எழுதப் போவதில்லை.

உன் கல்யாணச் சேலையைக் கடையில் விரித்தபோது நான் அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தேன், நீ கோபப்பட்டாய். கரையும் உடலும் வேறு வேறு நிறத்தில் நெய்து கோர்வையில் சேர்க்கிற இடத்தைத்தான் பார்த்தேன். அதை ஒற்றை ஆளால் செய்ய முடியாது, பக்கத்தில் இன்னொருவர், ஊடு நூலைக் கொண்டுபோகிற நாடாவை வாங்கிக் கொடுக்க வேண்டும். யாரோ இரண்டு பேர் உனக்காக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கடையில் வைத்து அதை எப்படிச் சொல்வது?

"நாயகன்" எங்கே என்று கேட்பாய். நல்ல படம், கமல் அதில் அசத்தியிருக்கிறார், ஆனால் என் மனதில் அது இந்தப் படங்களோடு சேர்ந்து உட்காரவில்லை. அம்மாவின் பட்டியல் வேறு. அவளுக்கு "மௌன ராகம்" முதலிடம், அதற்கு அடுத்து "சம்சாரம் அது மின்சாரம்". அவள் தனியாக எழுதுவாள், நான் அவளுக்காகப் பேசினால் வீட்டில் சோறு கிடைக்காது.

இப்போது நீ உன் பட்டியலை அனுப்பு. அதில் ஒன்றாவது உன் மாதிரி கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவர்களின் வேலையை, வேலையாகவே காட்டுகிற படமாக இருந்தால் நல்லது. நான் பார்த்ததில் எல்லாம் அவர்கள் காபிக் கோப்பையோடு நடக்கிறார்கள், கண்ணாடி அறைக்குள் பேசுகிறார்கள், அவ்வளவுதான். நீ காலையில் உட்கார்ந்ததும் முதலில் எதைத் திறக்கிறாய், எது சரியாக வந்தால் உனக்குச் சந்தோஷம், எதில் கோட்டை விட்டால் ராத்திரி தூக்கம் வராது, எனக்கு எதுவும் தெரியாது. அப்படி ஒரு படம் இல்லையென்றால் நீயே எழுதி அனுப்பு. எனக்குப் புரியுமா என்று யோசிக்காதே, புரியாததை ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா