வீணான வினைலின் காசைச் சம்பளத்தில் பிடிப்பதற்கு முன்: பிரிண்டிங் கடை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

டிஜிட்டல் பிரிண்டிங் கடை நடத்தும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம்.

நான் லேமினேஷன் மெஷினில், அதாவது பிரிண்ட் அடித்த வினைல் ஸ்டிக்கர் மேல் மெல்லிய பிளாஸ்டிக் பிலிமை ரோலரால் அழுத்தி ஒட்டும் மெஷினில், நிற்கிறவன். பிரிண்ட் அருமையாக வந்திருக்கும், கலருக்குப் பார்ட்டி வாட்ஸ்அப்பிலேயே ஓகே சொல்லியிருப்பார். கடைசியில் மேட் (மங்கல்) பிலிமோ கிளாஸ் (பளபளப்பு) பிலிமோ ஏற்றும்போது நடுவில் ஒரு சுருக்கம் விழும். இல்லையென்றால் பிலிம் ஒரு பக்கமாகவே ஒதுங்கிப் போய், மறுபக்கம் படத்தின் ஓரம் மூடாமல் நிற்கும். அவ்வளவுதான், வினைல், இங்க், பிலிம் எல்லாம் குப்பை. எனக்குத் தெரிந்த சில கடைகளில் வீணான மீட்டரைக் கணக்குப் போட்டு மாதக் கடைசியில் ஆபரேட்டர் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். கை தவறுவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலான சுருக்கங்களுக்கான காரணம் பிரிண்ட் ரோலருக்குள் போவதற்கு முன்பே அமைந்துவிடுகிறது. அதில் பாதிக்கு மேல் உங்கள் கையில் இருப்பது.

முதலில், ஒவ்வொரு ஜாபின் தொடக்கத்திலும் செலவாகும் இரண்டு அடி பிலிமைப் பற்றிப் பேசுவோம். பிலிமை மாட்டியதும் பிரிண்டை நேராக உள்ளே விடக் கூடாது. பிலிமின் அகலத்துக்கு ஒரு சன்போர்டு (லேசான ஃபோம் அட்டை) துண்டை நேராக வெட்டிக்கொண்டு, பசை முகத்தை அதன் மேல் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தடவி ஒட்ட வேண்டும். ரோலரை இறக்கி மெதுவாக ஓட்டினால் அந்த அட்டை பிலிமை அகலம் முழுக்கச் சமமாக இழுத்துக்கொண்டு போகும். மாட்டும்போது பிலிமில் விழுந்த மடிப்பெல்லாம் அட்டையோடேயே வெளியே போய்விடும். பிலிம் கண்ணாடி மாதிரி தட்டையாக வருவதைப் பார்த்த பிறகுதான் பிரிண்டின் முன் ஓரத்தை அட்டையின் பின் ஓரத்தோடு சேர்த்து விட வேண்டும். இதற்குச் செலவாகும் பிலிம் ஒன்றிரண்டு அடி. 'ஏன்டா, ஒவ்வொரு ஜாபுக்கும் இவ்வளவு வேஸ்ட் பண்றே?' என்று பின்னாலிருந்து குரல் வரும். அந்தக் குரலுக்குப் பயந்து பிரிண்டையே முதல் அட்டையாக விடும்போது, பிலிமின் மடிப்பு முழுவதும் படத்தின் மேல் உட்காருகிறது. இரண்டு அடியை மிச்சம் பிடித்து இரண்டு மீட்டரைத் தூக்கிப் போடுகிறோம்.

இதே கஞ்சத்தனம் டிசைனர் மேஜையிலும் உண்டு. ரோலில் ஒரு அங்குலம்கூட விடாமல் படங்களை நெருக்கி அடுக்கி அனுப்புவார்கள். முன்னால் ஒரு அடி வெறும் வினைல் இருந்தால்தான் எங்களுக்குப் பிடித்து நேர் பார்க்க இடம் கிடைக்கும். அந்த முன் ஓரத்தைக் கத்தரிக்கோலால் கண் மதிப்பில் வெட்டாமல் பிரிண்டரின் கட்டரிலேயே வெட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கோணல் எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். பிரிண்ட் ஒரே ஒரு டிகிரி சாய்ந்து உள்ளே போனால் மீட்டருக்கு ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் விலகும். 10 மீட்டர் ஓடினால் 17 சென்டிமீட்டர். வேட்டியின் முதல் மடிப்பு கோணினால் கடைசி மடிப்பு எங்கே போய் நிற்கும் என்று நமக்குத் தெரியும்தானே, அதே கதைதான். 54 அங்குல வினைல் மேல் 54 அங்குல பிலிம் ஏற்றும்போது தவறுக்கு இடமே கிடையாது. நடுவில் விலகுவது தெரிந்ததும் 'இழுத்துப் பிடிடா' என்று பக்கத்தில் நிற்பவர் கத்துவார். ரோலர் கவ்விய பிறகு பிரிண்டைப் பக்கவாட்டில் இழுத்தால் விலகல் சரியாகாது, இழுத்த இடத்திலிருந்து ஒரு சுருக்கம் கிளம்பும். மெஷினை நிறுத்தி, அங்கேயே வெட்டி, மறுபடி நேர் பார்த்துத் தொடங்குவதுதான் வழி. அதற்கு நிறுத்தும் உரிமை ஆபரேட்டருக்கு இருக்க வேண்டும். அப்புறம், ஐந்து அடி அகல ரோலை ஒரே ஆள் முன்னாலும் பின்னாலும் ஓடி ஓடிப் பார்க்க முடியாது. பெரிய ஜாபுக்கு இரண்டு பேர் வேண்டும்.

அடுத்தது மெஷின். வாங்கிய அன்று ஆள் வந்து லெவல் பார்த்திருப்பார். அதன் பிறகு கடையே இடம் மாறியிருக்கும், லெவல் பார்த்திருக்க மாட்டோம். தரை ஏற்ற இறக்கமாக இருந்தால் மெஷினின் சட்டம் முறுக்கிக்கொள்ளும், ரோலர்கள் இணையாக நிற்காது. ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. ஒரே பேப்பரிலிருந்து இரண்டு அங்குல அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டி, இடது, நடு, வலது என்று வைத்து ரோலரை இறக்குங்கள். ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே மாதிரி இறுக்கமாக வர வேண்டும். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த மெஷினில் யார் நின்றாலும் சுருக்கம் விழும்.

சுருக்கம் விழுந்தால் அழுத்தத்தை இன்னும் கூட்டு என்பது நம் தொழிலின் பழைய நம்பிக்கை. அதிக அழுத்தம் ரோலரின் இரண்டு முனைகளில்தான் ஏறுகிறது. நீளமான ரோலர் நடுவில் லேசாக வளைகிறது. ஓரங்கள் இறுக, நடுவில் பிடி குறைகிறது. ஓரமும் நடுவும் ஒரே மாதிரி நகராததால் ரோலருக்கு முன்னால் பிரிண்ட் அலை அலையாக எழும்பி, அந்த அலை உள்ளே போய் மடிந்துவிடுகிறது. பல சமயம் அழுத்தத்தைக் குறைத்தாலே வேலை சரியாகிவிடும். ராத்திரி கடை மூடும்போது ரோலரைத் தூக்கிவிட்டுப் போவதையும் கட்டாயமாக்குங்கள். இறக்கியபடியே விட்டால் ரப்பர் ஒரு இடத்தில் தட்டையாகிவிடும். ரோலர் மேல் வைத்துப் பிளேடால் வெட்டுகிற ஆளை, அது நீங்களாகவே இருந்தாலும், தடுக்க வேண்டும்.

வீணான துண்டைச் சுருட்டி எறியாமல் மேஜையில் விரித்தால் காரணத்தை அதுவே சொல்லும். குறை ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிறதா? ரோலரைப் பாருங்கள், வெட்டோ ஒட்டிய பசையோ இருக்கும். 130 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரோலரானால் சுமார் 41 சென்டிமீட்டருக்கு ஒருமுறை வரும். சுருக்கம் எப்போதும் சாய்ந்தே விழுந்தால் இடது வலது அழுத்தம் சமமாக இல்லை, அல்லது பிலிம் ரோல் ரோலருக்கு இணையாக மாட்டப்படவில்லை. பிலிமே தொளதொளவென்று வந்து மடிந்திருந்தால் பிலிம் ரோல் தளர்ந்து சுழலாமல் பிடித்து வைக்கும் பிரேக் போதவில்லை. தொடக்கத்தில் மட்டும் இருந்து பிறகு நின்றுவிட்டால், அது நான் மேலே சொன்ன இரண்டு அடி பிரச்சினை.

அன்று நன்றாக இருந்து மறுநாள் ஓரம் சுருண்டு கொப்புளமும் கிளம்பினால், அது லேமினேஷன் மேஜையில் பிறந்த குறை இல்லை. ஈகோ சால்வென்ட் பிரிண்ட் (சால்வென்ட், அதாவது கரைப்பான் கலந்த இங்கில் அடித்தது) தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். உள்ளே சால்வென்ட் இன்னும் இருக்கும், வினைலையும் அதன் பசையையும் மென்மையாக்கி வைத்திருக்கும். அந்த நிலையில் இழுத்தால் வினைல் நீளும், மடியும். மேலே பிலிமை ஒட்டி மூடிவிட்டால் சால்வென்ட் வெளியேற வழியில்லை. குறைந்தது 24 மணி நேரம் விட வேண்டும். கறுப்பும் மெரூனும் அடர்த்தியாக ஏறிய படமென்றால் 48 மணி நேரம் விடுவது நல்லது. டேக்-அப்பில் (அடித்த பிரிண்டைச் சுற்றிக்கொள்ளும் உருளையில்) இறுகச் சுற்றியபடியே வைத்தால் காத்திருந்தும் பயனில்லை, உள் சுற்றுகளுக்குக் காற்றே போகாது. தளர்த்தி, செங்குத்தாக நிறுத்தி வைக்க வேண்டும். லேடெக்ஸ் மெஷினில் (தண்ணீர் கலந்த இங்கைச் சூடாக்கிக் காயவைக்கும் பிரிண்டரில்) அடித்தது காய்ந்தே வெளியே வரும், உடனே ஏற்றலாம். உங்களிடம் இருப்பது ஈகோ சால்வென்ட் என்றால், ஆடித் தள்ளுபடி போர்டைச் 'சாயந்திரம் தர்றேன்' என்று பார்ட்டியிடம் ஒப்புக்கொள்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வாக்கைக் கொடுப்பது நீங்கள், சுருக்கத்துக்குப் பதில் சொல்வது நாங்கள்.

பிலிம் வாங்குவதும் நீங்கள்தான். வண்டிக்கு ஒட்டும் காஸ்ட் (திரவமாக ஊற்றிச் செய்த) வினைல் மேல், கையில் கிடைத்த மலிவு மோனோமெரிக் பிலிமை, அதாவது ரோலர்களில் அழுத்தித் தட்டையாக்கும் காலண்டர்டு வகையில் மலிவானதை, ஏற்றச் சொல்கிறீர்கள். காஸ்ட் அதிகம் சுருங்காது, மோனோமெரிக் சுருங்கும். கீழே ஒன்று நிற்க, மேலே இன்னொன்று சுருங்கினால் ஓரம் தூக்கத்தான் செய்யும். காஸ்டுக்குக் காஸ்ட், காலண்டர்டுக்குக் காலண்டர்டு. வாரத்துக்கு ஒரு கம்பெனி பிலிம் மாறினால் பிரேக்கையும் வேகத்தையும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து பிடிக்க வேண்டியிருக்கிறது.

கடை முகப்புக்கு ஒரே படத்தை நாலு பேனலாக (துண்டாக) அடிக்கும் வேலையில் இது இன்னும் மோசம். பிரேக்கை இறுக்கி வைத்தால் பிலிம் நீண்டு ஒட்டும், வினைலும் சேர்ந்து நீளும். 3 மீட்டர் பேனல் வெறும் 0.2 சதவீதம் நீண்டாலே 6 மில்லிமீட்டர் போய்விடும். ஒரு பேனல் ஒரு டென்ஷனிலும் அடுத்தது வேறு டென்ஷனிலும் ஓடினால் கடைப் பெயரின் எழுத்துகள் சேராது. ஏணி மேல் நிற்கும் ஃபிட்டர் திட்டு வாங்குவார், பாவம். ஒரு ஜாபின் எல்லா பேனலும் ஒரே ரோல் பிலிமில், ஒரே திசையில், ஒரே பிரேக்கில், முடிந்தால் ஒரே நாளில் ஓட வேண்டும். நடுவில் அவசர ஜாபைச் செருகாதீர்கள்.

மழைக்காலத்தில் ரோலைப் பிரித்த கவரோடு வாசல் பக்கம் போட்டுவைத்தால் பின்பக்கப் பேப்பர் ஈரத்தை இழுத்து ஓரம் அலை அலையாகிவிடும். அந்த ஓரம் தட்டையாக ரோலருக்குள் போகாது. கவரை மூடி, ரோலை நிமிர்த்தி வைப்பது யாருக்கும் பெரிய வேலை இல்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். மெஷின் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். எந்த வினைல், எந்த பிலிம், எவ்வளவு அழுத்தம், பிரேக் எங்கே, பிரிண்ட் எப்போது அடித்தது என்று ஆபரேட்டர் எழுதட்டும். வேஸ்ட் வந்தால் துண்டையும் நோட்டையும் அவரோடு உட்கார்ந்து பாருங்கள். தொடக்க பிலிமை வேஸ்ட் கணக்கில் சேர்க்காமல் ஜாபின் விலையிலேயே சேர்த்துவிடுங்கள். இதையெல்லாம் செய்து பார்க்கும் வரை சம்பளத்தில் பிடிப்பதை நிறுத்துங்கள். இந்த மாதம் ஏற்கெனவே பிடித்திருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு லேமினேஷன் ஆபரேட்டர்