சாவியைக் கொடுக்கும் முன் உரிமத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் கோடை விடுமுறை முடியும் தறுவாயில், பள்ளி வாகனங்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, அவசரகால வழி திறக்கிறதா, தீயணைப்பான் இருக்கிறதா, ஓட்டுநரின் கண்பார்வை சரியாக உள்ளதா என்று அதிகாரிகள் ஆய்வு செய்யும் செய்தியையும் படத்தையும் தங்கள் நாளிதழில் தவறாமல் பார்க்கிறேன். 2012இல் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி உயிரிழந்த பிறகு தமிழக அரசு வகுத்த சிறப்பு விதிகள் பள்ளி வாகனங்களுக்கானவை. பல்கலைக்கழகப் பேருந்தை அப்படி வரிசையில் நிறுத்தி, அதை ஓட்டுபவரின் உரிமத்தை வாங்கிப் பார்த்ததை என் பணிக்காலத்தில் ஒருமுறைகூட நான் கண்டதில்லை.

இம்மாவட்டக் கடற்கரையில் உள்ள ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் அலுவலகத்தில் பணியாற்றி, கண்காணிப்பாளராக ஓய்வுபெற்றவன் நான். கடல் சார்ந்த படிப்புகளில் களப்பயணம் என்பது காலை பத்து மணிக்குக் கிளம்பும் காரியமன்று. நீர் வற்றும் நேரத்தைப் பொறுத்தே மாணவர்கள் கரையில் இறங்க முடியும் என்பதால், விடியற்காலை மூன்று மணிக்கே மாதிரிக் குப்பிகளையும் பனிக்கட்டிப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு மண்டபத்துக்கோ தேவிபட்டினத்துக்கோ புறப்பட வேண்டியிருக்கும். தனுஷ்கோடி என்றால், கச்சான் காற்று வீசும் ஆடியில் பாம்பன் பாலத்தின் மேல் பேருந்து பக்கவாட்டில் உலுக்கப்படுவதையும், அரிச்சல்முனைச் சாலையில் மணல் ஏறிக் கிடப்பதையும் அறிந்தவர்தான் ஓட்ட வேண்டும். அப்படி அறிந்த எங்கள் ஓட்டுநர் ஓய்வுபெற்ற பின் அந்தப் பணியிடம் நிரப்பப்படவில்லை. "உங்களுக்குத்தான் வண்டி ஓட்டத் தெரியுமே" என்ற ஒற்றை வாக்கியத்தில், தொகுப்பூதியத்தில் இருந்த ஓர் ஆய்வக உதவியாளரிடம் சாவி போய்ச் சேர்ந்தது. எழுத்துப்பூர்வமான ஆணை எதுவும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருட்டு விலகாத வேளையில், கரிமூட்டை ஏற்றிப் பின்விளக்கில்லாமல் நின்ற டிராக்டரின் மூலையில் அந்தப் பேருந்து உரசியது. மாணவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. டிராக்டரின் பின்னால் அமர்ந்திருந்த தொழிலாளிக்குக் கால் எலும்பு முறிந்தது. காவல் நிலையத்தில் உரிமத்தைக் கேட்டபோதுதான், எங்கள் உதவியாளரின் கனரக உரிமம் நான்கு மாதங்களுக்கு முன்பே காலாவதியாகியிருந்தது தெரிந்தது. அபராதத்தை அவர் கைக்காசில் கட்டினார். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுத்த காப்பீட்டு நிறுவனம் அத்தொகையை எங்கள் நிர்வாகத்திடம் திருப்பிக் கேட்டது. நிர்வாகமோ, அதை அவருடைய ஊதியத்தில் பிடித்தம் செய்யக் கோப்பு எழுதும்படி என்னிடம் சொன்னது. நான் எதிர்க்குறிப்பு எழுதினேன். நான் ஓய்வுபெறும் வரை அந்தக் கோப்பு நகரவில்லை.

இதில் என் பங்கையும் சொல்லியாக வேண்டும். வாகனப் பதிவேட்டில் மாதந்தோறும் கையொப்பமிட்டவன் நான்தான். ஓடிய கிலோமீட்டரையும் டீசல் லிட்டரையும் கூட்டிச் சரிபார்த்தேன், ஏனென்றால் தணிக்கையில் அதைத்தான் கேட்பார்கள். ஓட்டியவரின் உரிமத்தை நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

"நாம் வாடகைக்கா ஓட்டுகிறோம், நம் பிள்ளைகளைத்தானே ஏற்றிப்போகிறோம், இதற்கு எதற்குக் கமர்ஷியல் லைசென்ஸ்?" என்பது வளாகங்களில் பரவலாகக் கேட்கும் பேச்சு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஓட்டுநரைத் தவிர ஆறு பேருக்கு மேல் ஏற்றக்கூடிய, கல்வி நிறுவனத்துக்குச் சொந்தமான, மாணவர்களையும் பணியாளர்களையும் மட்டுமே ஏற்றிச் செல்லும் வாகனத்தை அது 'கல்வி நிறுவனப் பேருந்து' என்று வரையறுத்து, லாரி, வாடகைக் கார் ஆகியவற்றோடு சேர்த்துப் 'போக்குவரத்து வாகனம்' என்ற வகையில் வைக்கிறது. கட்டணம் வாங்குகிறோமா என்ற கேள்வியே அங்கு எழவில்லை.

இதன் மேல் 2024 நவம்பர் 6ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அளித்த தீர்ப்பு, பாதி மட்டும் காதில் விழுந்த செய்தியாகப் பரவியிருக்கிறது. இலகுரக வாகன உரிமம் உள்ளவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத போக்குவரத்து வாகனத்தை, உரிமத்தில் அதற்கெனத் தனி ஒப்புதல் இல்லாமலே ஓட்டலாம் என்பதுதான் தீர்ப்பு. "இனி லைட் லைசென்ஸே போதும்" என்று கேட்டவர்கள், 7,500 என்ற எண்ணை வழியில் விட்டுவிட்டார்கள். அந்த எல்லையைத் தாண்டிய வாகனத்துக்குப் பழைய நிபந்தனைகள் அப்படியே நிற்கின்றன: 20 வயது நிறைவு, இலகுரக உரிமம் பெற்று ஓராண்டு அனுபவம், பயிற்சிப் பள்ளியின் சான்று, எந்த வயதினராயினும் மருத்துவச் சான்று. இங்கே இருக்கைகளை எண்ணிப் பயனில்லை. ஆர்.சி. புத்தகத்தில் காலி எடையும், ஆட்களும் சுமையும் ஏறிய மொத்த எடையும் தனித்தனியாக இருக்கும். பார்க்க வேண்டியது இரண்டாவதை. 26 பேர் அமரும் வேன் அந்த எல்லைக்குள் அடங்கலாம். எங்கள் பேருந்தின் புத்தகத்தில் ஒன்பது டன்னுக்கு மேல் இருந்தது.

காலாவதி விஷயமும் அப்படியே. சொந்தக் காருக்கான உரிமம் இளவயதில் எடுத்தால் நாற்பது வயது வரை செல்லும் என்பதால், பலர் போக்குவரத்து வாகன உரிமத்தையும் அதே நினைப்பில் வைத்திருக்கிறார்கள். அது முன்பு 3 ஆண்டு, 2019 திருத்தத்துக்குப் பின் 5 ஆண்டு மட்டுமே செல்லும். முடிந்த நாளுக்குப் பிறகு தரப்பட்டிருந்த 30 நாள் சலுகையும் அதே திருத்தத்தில் நீங்கிவிட்டது. உரிமமின்றி ஓட்டியவருக்கு 181ஆம் பிரிவும், ஓட்ட அனுமதித்த உரிமையாளருக்கோ வாகனப் பொறுப்பாளருக்கோ 180ஆம் பிரிவும் 3 மாதம் வரை சிறை அல்லது ரூ.5,000 அபராதம் அல்லது இரண்டும் விதிக்க இடம் தருகின்றன. பொறுப்பாளர் என்ற சொல்லுக்குள் துறைத் தலைவரும் வரக்கூடும் என்பதைப் பேராசிரியர்கள் கவனிப்பது நல்லது.

அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் என் மருமகனிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, அங்குள்ள முறையைச் சொன்னார். ஓட்டுநரையும் சேர்த்து 16 பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ அமரும் வகையில் அமைந்த வாகனமாக இருந்தாலோ, மொத்த எடை 26,001 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 11,800 கிலோ, அல்லது அதற்கு மேல் இருந்தாலோ வணிக ஓட்டுநர் உரிமம் கட்டாயம். பயணிகளை ஏற்றத் தனி ஒப்புதலும் வேண்டும். ஓட்டுபவர் பேராசிரியரா தோட்டக்காரரா என்பது பொருட்டில்லை. அந்த உரிமத்தோடு வேலை செய்பவரை முன்னறிவிப்பில்லாத மது, போதைப்பொருள் சோதனைக்கு உட்படுத்துவதும், 2020 முதல் மத்திய அரசின் தரவுத்தளத்தில் அவருடைய பெயரைப் பணியில் அமர்த்தும் முன்பும் பிறகு ஆண்டுதோறும் சரிபார்ப்பதும் நிர்வாகத்தின் கடமை. அந்த நாட்டு விதிகளை இங்கே நட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உரிமம் செல்லுபடியாகிறதா என்று பார்க்கும் பொறுப்பு அங்கே சாவியைக் கொடுப்பவரிடமும் இருக்கிறது, நம் ஊரிலோ, சட்டம் எதைச் சொன்னாலும், நடைமுறையில் சாவியை வாங்கிக்கொள்பவர் தலையில் மட்டும் விழுகிறது என்பதே என்னை உறுத்துகிறது.

ஓட்டுநர் பணியிடத்தை நிரப்புவதே முறையானது. நிதியில்லை என்றால், வேறு பணிக்கு நியமிக்கப்பட்டவரை ஓட்டச் சொல்வதற்கு முன், அவருடைய சம்மதத்தையும் ஓட்டும் பணியையும் ஆணையில் எழுத வேண்டும். பயிற்சிக்குப் போகும் நாட்களைப் பணி நாளாகக் கருதி, பயிற்சிக் கட்டணம், மருத்துவச் சான்று, புதுப்பிக்கும் கட்டணம் ஆகியவற்றை நிறுவனமே ஏற்க வேண்டும். இரவு எட்டு மணி வரை ஆய்வகத்தில் இருந்தவரை விடியற்காலை மூன்று மணிக்கு ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைக்கக் கூடாது. எந்த உரிமமும் தூக்கத்தை ஈடு செய்யாது. அதோடு, வாகனப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஓட்டுபவரின் உரிம எண், வகை, முடியும் நாள், வாகனத்தின் மொத்த எடை ஆகிய நான்கையும் எழுதி வைத்து, கையொப்பமிடுபவர் ஒவ்வொரு மாதமும் அதைப் பார்த்த பிறகே பேனாவை எடுக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் மாதிரி சேகரிக்கும் பயணங்கள் தொடங்கிவிடும். அதற்குள் இம்மாவட்டத்தில் வளாகங்களை வைத்திருக்கும் பல்கலைக்கழகங்களின் பதிவாளர்கள் ஒரு பக்கச் சுற்றறிக்கை அனுப்ப இயலும். வரைவு வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன். பணிக்காலம் முழுவதும் அந்த வேலையைத்தான் செய்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பல்கலைக்கழக அலுவலகக் கண்காணிப்பாளர்,
உச்சிப்புளி, இராமநாதபுரம் மாவட்டம்.