பாட்டா கடைத் தபால்தலைகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அக்டோபர் 9 உலக அஞ்சல் தினத்தைப் பற்றி உங்கள் நாளிதழில் படித்ததிலிருந்து ஒருவரைப் பற்றி எழுதியே ஆகவேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. குலசேகரம் பக்கத்தில் எங்கள் ஊர் முக்கில் பலசரக்குக் கடை வைத்திருந்த பாட்டா. எனக்குச் சொந்தத் தாத்தா இல்லை, ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்குமே அவர் பாட்டாதான்.

1980-களின் தொடக்கம், நான் ஐந்தாம் வகுப்பு. ரப்பர் விளைகளுக்குள் தள்ளி இருக்கும் வீடுகளுக்கு வரும் கடிதங்களைத் தபால்காரர் பாட்டா கடையில் கொடுத்துவிட்டுப் போவார், சாயங்காலம் சாமான் வாங்க வருகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பல வீடுகளில் ஆள் கல்ஃபில். ஒருநாள் கடை வாசலில் கிடந்த ஒரு கவரிலிருந்து குவைத் தபால்தலையை நான் பிய்த்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்துவிட்டார். திட்டவில்லை. “அப்படிப் பறிச்சா கீறிரும் மக்ளே” என்று சொல்லி, தபால்தலையைச் சுற்றிக் கவரை வெட்டி, ஒரு சிரட்டையில் தண்ணீர் எடுத்து அதில் போட்டார். கொஞ்ச நேரத்தில் அது தானாகவே கழன்று வந்தது. பழைய பேப்பரில் கவிழ்த்துப் போட்டு உலர்த்தினார். ஓரம் சுருளத் தொடங்கியதும் இரண்டு காகிதத்துக்கு நடுவில் வைத்து மேலே ஒரு கிலோ படிக்கல்லை ஏற்றினார். அதற்குப் பிறகு யார் வந்து ஒரு கிலோ சீனி கேட்டாலும் இரண்டு அரைக்கிலோ கல்லைப் போட்டுத்தான் நிறுத்தார், அந்தக் கல்லை எடுக்கவே இல்லை.

மறுநாளிலிருந்து கடிதம் வாங்க வருகிறவர்களிடம் எல்லாம் “வாசிச்சு முடிச்சா ஸ்டாம்பை இங்க தாருங்க, பிள்ளைக்கு வேணும்” என்று எனக்காகக் கேட்கத் தொடங்கினார். ஒரு பிஸ்கட் டப்பா நிறைந்தது. ஆல்பம் வாங்க வழியில்லாத வீடு எங்களுடையது, அதனால் கடன் கணக்கு எழுதுகிற பற்று நோட்டில் எழுதாத ஒன்றைத் தந்தார். பசை போடவே விடமாட்டார். ஊதுபத்திக் கட்டில் வரும் கண்ணாடித் தாளைச் சின்னச் சின்னப் பைகளாக மடித்துக் கொடுப்பார், பொட்டலம் மடித்துப் பழகிய கையல்லவா, ஒன்றுகூடக் கோணாது.

பொட்டலம் மடிப்பதற்காகப் பழைய காகிதத்தை எடைக்கு வாங்குவார். யாராவது பழைய வீட்டைப் பிரித்தால் கட்டுக் கட்டாக வரும், எங்கள் பகுதி முன்பு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்ததால் அதில் திருவிதாங்கூர் அஞ்சல் கவர்களும் இருக்கும். திருவிதாங்கூருக்குத் தனி அஞ்சல் இருந்தது, 1888-லேயே சங்கு போட்ட தபால்தலை வெளியிட்டது, 1951-ல்தான் இந்திய அஞ்சலோடு சேர்ந்தது என்பதெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டவை. பாட்டாவுக்கு அது தாம் ஆளாகி வளர்ந்த காலம். பதினாறு காசு ஒரு சக்கரம், இருபத்தெட்டு சக்கரம் ஒரு ரூபாய் என்று அந்தக் காலத்துத் திருவிதாங்கூர் நாணயக் கணக்கை அவர் சொல்ல, நான் திருப்பிச் சொல்வேன். நனைந்த தபால்தலையை என் சிலேட்டில் கவிழ்த்து வைத்து, “பாரு, உள்ளயும் சங்கு கிடக்கு” என்று காட்டினார். காகிதம் செய்யும்போதே பதிக்கிற அந்த நீர்க்குறி உள்ளிருந்து மெல்லத் தெளிந்து வந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

அப்புறம் ஒருநாள் ஒரு தடித்த கவரை எனக்கென்று எடுத்து வைத்திருந்தார். 1939-ல் மகாராஜா சித்திரைத் திருநாளின் பிறந்தநாளுக்காக வந்த வரிசையில் 14 சக்கரத் தபால்தலை. “நம்ம பேச்சிப்பாறையாக்கும் மக்ளே இது” என்றார். நாங்கள் தினமும் குளிக்கிற சானலுக்குத் தண்ணீர் வருகிற அதே அணை! அரை ரூபாய்த் தபால்தலை என்று கணக்குப் போட்டுச் சொன்னேன், கை நிறையக் கடலை மிட்டாய் அள்ளித் தந்தார்.

பாட்டா போய்ப் பல வருஷம் ஆகிறது. கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. எங்கள் பழைய குடும்ப வீட்டைப் பிரித்தபோது நான் வெளியூரில் இருந்தேன். நிலை, கதவு, உத்திரம் என்று மரத்துக்கெல்லாம் நல்ல விலை பேசியவர்கள், பெட்டி நிறைய இருந்த கடிதங்களை பழைய சாமான் வாங்கும் ஆக்கர் கடையில் நிறுத்துப் போட்டுவிட்டார்கள். இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது. பாட்டா இருந்திருந்தால் ஒவ்வொரு கவரையும் திருப்பிப் பார்த்திருப்பார். கல்குளம், விளவங்கோடு பக்கம் பழைய வீடுகளைப் பிரிப்பவர்கள் தயவுசெய்து கடிதக் கட்டுகளை எடைக்குப் போடும் முன் ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள், உங்களுக்கு வேண்டாம் என்றால் தெருவில் ஆசையாகச் சேர்க்கிற ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள்.

அந்தப் பற்று நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, முதல் பக்கத்தில் பேச்சிப்பாறை. சங்குத் தபால்தலைகள் சில என்னிடம் இரண்டு மூன்றாக இருக்கின்றன. எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் எந்தப் பிள்ளைக்காவது ஆசை இருந்தால் தருகிறேன், சிரட்டைத் தண்ணீரில் போட்டுக் கழற்றுகிற விதத்தையும் கூடவே உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்