வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் வட்டத்தின் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நிர்வாகக் குழுவின் சார்பில் இந்த ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார்.

கூட்டங்கள் மாதந்தோறும் நடந்தன. வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் ஒன்று பளிச்சென்று தெரியும்: சிறுகதை, குறுநாவல் என்றால் கூட்டம் நிறைந்தது, தடிமனான நாவல் என்றால் பாதிப் பேரைக் காணோம், வந்தவர்களிலும் சிலர் பின்னட்டையை மட்டும் படித்துவிட்டு வந்திருந்தார்கள். அண்மைக்கால அறிவியல் புனைவையும், மாயமும் மந்திரமும் வரும் மிகுபுனைவையும் பெரும்பாலும் சிறிய வடிவத்திலேயே படிப்போம் என்று சென்ற பொதுக்குழு எடுத்த தீர்மானம் சரியானதுதான் என்பது என் கருத்து. குறுநாவல் என்றால் எவ்வளவு என்ற சண்டை முதல் கூட்டத்திலேயே வந்துவிட்டது. இவ்வகைக் கதைகளுக்கு ஆண்டுதோறும் தரப்படும் ஹியூகோ விருதின் கணக்கை எடுத்துக்கொண்டோம்: 7,500 சொற்களுக்குள் சிறுகதை, 17,500 வரை நெடுங்கதை, 40,000 வரை குறுநாவல், அதற்கு மேல் நாவல். சொற்களை எண்ணும் வேலையை யாருக்கும் ஒதுக்கவில்லை.

இந்த ஆண்டின் விவாதம் முழுக்க ஒரு கேள்வியைச் சுற்றியே ஓடியது. அதைக் கேட்டவர் நம் பொருளாளர். ஒரு உறுப்பினர் ஒரு கதையின் அற்புதமான கற்பனை உலகத்தை ரசித்து விவரித்துக்கொண்டிருந்தபோது, “எல்லாம் சரி, செலவு யார் கணக்கில்?” என்றார். முதலில் சிரித்தோம். அப்புறம் அதுவே எங்கள் அளவுகோலாகிவிட்டது. புதிய எந்திரமோ மந்திரமோ வரும்போது அதற்காக யார் எதை இழக்கிறார்கள் என்று கேட்கிற கதை மனதில் நின்றது. கேட்காத கதை, எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், அடுத்த மாதத்துக்குள் மறந்துபோனது.

அந்தக் கேள்விக்கென்றே எழுதியதுபோல வந்தது இசபெல் ஜே. கிம்மின் சிறுகதை. ‘கிளார்க்ஸ்வேர்ல்ட்’ என்ற அறிவியல் புனைவு இதழில் 2024 பிப்ரவரியில் வெளியாகி, ஹியூகோவைப் போலவே பெயர்பெற்ற நெபுலா விருது பெற்றது. இதைப் படிக்கும் முன் உர்சுலா கே. லெ குவின் 1973இல் எழுதிய ஓமெலாஸ் கதை தெரிந்திருக்க வேண்டும் என்பதால் இரண்டையும் ஒரே கூட்டத்தில் வைத்தோம். பழைய கதையில் ஓமெலாஸ் நகரத்தின் மகிழ்ச்சி முழுவதும் ஒரு நிலவறையில் அடைபட்டுக் கிடக்கும் ஒரு குழந்தையின் துன்பத்தின்மேல் நிற்கிறது. ஊராருக்கு அது தெரியும். சகித்துக்கொண்டு வாழ்கிறார்கள், சிலர் மட்டும் நகரத்தைவிட்டு நடந்து போய்விடுகிறார்கள். கிம் கேட்பது வேறு: அந்தக் குழந்தையை யாராவது கொன்றுவிட்டால்? கொல்கிறார்கள். ஊருக்குக் கேடு வருகிறது. உடனே இன்னொரு குழந்தையைக் கொண்டுவந்து அடைக்கிறார்கள். அதையும் கொல்கிறார்கள். இதற்கு நடுவே ஆளாளுக்குக் கருத்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். சிரிக்க வைத்தே கழுத்தைப் பிடிக்கிற நடை.

அன்றைய கூட்டம் சூடாகத்தான் போனது. இது லெ குவினைக் கொச்சைப்படுத்துவது என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். அவர் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய கதையின் அமைதி இதில் அறவே கிடையாது. ஆனால் நடந்து போனவர்களை ஐம்பது ஆண்டுகளாக நல்லவர்கள் என்று வைத்துப் படித்துப் பழகிவிட்டோம். போனவர்கள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகவில்லை என்பதை நமக்கு உறைக்க வைக்க இப்படி ஒரு முரட்டுக் கதை வேண்டியிருந்தது. ‘நானாக இருந்தால் நடந்து போயிருப்பேன்’ என்று அன்று யாரும் எளிதாகச் சொல்லவில்லை. லெ குவின் கதையைப் பற்றி முன்பு ஒருமுறை பேசியபோது எல்லோரும் சொன்னோம்.

நவோமி கிரிட்சரின் ‘தி இயர் விதவுட் சன்ஷைன்’ நெடுங்கதை 2023இல் வெளியாகி ஹியூகோ, நெபுலா இரண்டையும் வென்றது. ஏதோ ஒரு பேரழிவால் வானம் மங்கிவிடுகிறது. மின்சாரம் வருவதும் போவதுமாக இருக்கிறது. பேரழிவை விளக்குவதில் கதைக்கு அக்கறை இல்லை. ஒரு தெருவில் நுரையீரல் நோயால் அவதிப்படும் பெண்ணுக்கு காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் செறிவூட்டிக் கருவி ஓடியாக வேண்டும், அக்கம்பக்கத்தார் என்ன செய்கிறார்கள் என்பதுதான் கதை. செய்கிற பல வேலைகளில் ஒன்று, சைக்கிள் மிதித்து மின்சாரம் எடுப்பது.

மின்வாரிய வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் ஒருவர் இதைச் சும்மா விடவில்லை. பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டார். வீட்டில் வைக்கும் செறிவூட்டிக்குச் சுமார் 300 முதல் 350 வாட் தேவை. பயிற்சி இல்லாத ஒருவர் விடாமல் மிதித்தால் தோராயமாக 100 வாட் வரும். வழியில் வீணாவதையும் சேர்த்தால் எந்நேரமும் நான்கைந்து பேர் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். இரவு பகல் இருபத்து நான்கு மணிநேரம் என்றால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ நூறு மணிநேர மிதி, ஒரே ஒரு ஆளின் மூச்சுக்கு. கணக்கைப் படித்துவிட்டு, “இவ்வளவு மிதிக்க யாரும் முன்வர மாட்டார்கள், கதை பொய்” என்றார். பக்கத்தில் இருந்தவர், “முன்வந்தார்கள் என்பதுதானே கதை” என்றார். இந்த ஆண்டு கூட்டங்களில் நான் கேட்ட மிகச் சிறந்த விமர்சனம் இந்த இரண்டு வாக்கியங்கள்தான். இந்தக் கதையில் செலவு யார் கணக்கில் என்பது ஒளிவுமறைவில்லாமல் தெரிகிறது: எல்லோர் காலிலும் கொஞ்சம் கொஞ்சம்.

ரே நெய்லரின் ‘தி டஸ்க்ஸ் ஆஃப் எக்ஸ்டிங்க்ஷன்’ குறுநாவலுக்கு 2025இன் ஹியூகோ கிடைத்தது. அழிந்துபோன மம்மூத் யானைகளை மீண்டும் உருவாக்கிவிடுகிறார்கள். ஆனால் அவற்றுக்கு வாழத் தெரியவில்லை, சொல்லித்தரத் தாயோ பாட்டியோ இல்லை. யானைகளைப் பற்றி எல்லாம் தெரிந்த, தந்த வேட்டைக் கொள்ளையர்களால் எப்போதோ கொல்லப்பட்ட ஓர் ஆய்வாளரின் மனதை ஒரு மம்மூத்துக்குள் ஏற்றி மம்மூத் கூட்டத்தை வழிநடத்த விடுகிறார்கள். யானைக் கூட்டத்தின் அறிவு மூத்த பெண் யானையிடம் இருக்கிறது என்ற உயிரியல் உண்மையை இவ்வளவு அழகாகக் கதையாக்கியதை நாங்கள் வேறெங்கும் படித்ததில்லை. இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? பெரும் பணக்காரர் ஒருவருக்கு அதே மம்மூத்தை வேட்டையாட அனுமதி விற்கிறார்கள். காப்பாற்றும் செலவுக்குக் கொல்லும் உரிமை. பொருளாளர் அன்று மிகவும் திருப்தியாகக் காணப்பட்டார். கதை முடிவு அவசரமாக முடிந்துவிட்டது என்ற குறை பலருக்கு இருந்தது, எனக்கும்தான்.

மார்த்தா வெல்ஸின் ‘ஆல் சிஸ்டம்ஸ் ரெட்’ 2017இல் வந்தது என்றாலும் 2025இல் தொலைக்காட்சித் தொடராகிவிட்டதால் உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டபடி சேர்த்தோம். தன்னைக் கட்டுப்படுத்தும் கருவியைத் தானே முறித்துக்கொண்ட பாதுகாப்பு எந்திரம், விடுதலை கிடைத்ததும் யாரையும் கொல்லாமல் உட்கார்ந்து சீரியல் பார்க்கிறது. தமிழ் வாசகருக்கு இதில் புதிதாக என்ன என்று ஒருவர் கேட்டார். சுஜாதாவின் ஜீனோ 1980களிலேயே புத்தகம் படித்துவிட்டு நம்மைவிடத் தெளிவாகப் பேசிய எந்திர நாய்தானே! நியாயமான கேள்வி. வேறுபாடு, ஜீனோ பேசிக்கொண்டே இருக்கும்; இதுவோ யாரும் தன்னிடம் பேசிவிடக் கூடாதே என்று முகக்கவசத்தை மூடிக்கொள்ளும். எந்திரத்தை வாடகைக்கு எடுத்தால்தான் ஆய்வுப் பயணத்துக்கே அனுமதி என்று நிர்பந்திக்கும் நிறுவனம், அதிலும் மலிவான பாகங்களைப் போட்டு ஒப்பேற்றும் கஞ்சத்தனம், இவற்றை வெல்ஸ் போகிற போக்கில் எழுதும் விதம் பிரமாதம். அடுத்தடுத்த பாகங்களில் அதே பாட்டு.

எல்லோருக்கும் பிடித்து எனக்குப் பிடிக்காமல் போனது பெக்கி சேம்பர்ஸின் ‘எ சாம் ஃபார் தி வைல்ட்-பில்ட்’. 2022இல் ஹியூகோ வாங்கிய குறுநாவல். ஊர் ஊராகப் போய் மனிதர்களின் மனக்குறை கேட்கும் துறவி ஒருவர் காட்டில் ஒரு ரோபோவைச் சந்திக்கிறார். மனிதர்களுக்கு என்ன வேண்டும் என்று அது கேட்கிறது. படிக்க இதமாக இருக்கிறது. அந்த நல்ல உலகத்தை உருவாக்க யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பது மட்டும் எங்கோ பின்னால் நடந்து முடிந்துவிட்டது. களைத்துப்போன மனதுக்கு ஒரு கதை ஆறுதல் தரக் கூடாதா என்று பெரும்பான்மை என்னைக் கேட்டது. தரலாம். நான் செயலாளர், எனக்கு ஒரு ஓட்டுதான்.

மிகுபுனைவுக்கு வருகிறேன். இரண்டு நாவல்கள் படித்தோம். ராபர்ட் ஜாக்சன் பென்னட்டின் ‘தி டெயின்டட் கப்’ 2025இல் சிறந்த நாவலுக்கான ஹியூகோ பெற்றது. ஓர் அதிகாரியின் உடலுக்குள்ளிருந்து மரம் முளைத்துக் கிளம்பி அவர் இறந்துபோகிறார். கண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஒரு பெண்மணி, எதையும் மறக்காத உதவியாளனை வெளியே அனுப்பித் துப்புத் துலக்குகிறார். மாயம் வந்தால் துப்பறிதல் கெட்டுவிடும் என்பார்கள். இதில் அந்த உலகத்தின் விதிகளை முன்கூட்டியே சொல்லிவிடுவதால் வாசகரும் நேர்மையாகப் போட்டி போட முடிகிறது. மழைக்காலம்தோறும் கடலிலிருந்து ராட்சத விலங்குகள் வந்து மோதும் மதில், அதைக் கட்டிக் காப்பவர்களின் அலுப்பு, இடையில் நடக்கும் ஊழல் எல்லாம் நன்றாக வந்திருக்கின்றன. படிக்காமல் வந்தவர்கள் மிகக் குறைவு என்பதே இதற்கான சான்றிதழ்.

மற்றது இலங்கை எழுத்தாளர் வஜ்ர சந்திரசேகரவின் ‘தி செயிண்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்’; 2023இல் வெளிவந்து நெபுலா வென்றது. பிறந்ததும் தாய் ஒருவனின் நிழலைப் பிய்த்தெறிகிறாள்; ஞானியாகிவிட்ட தந்தையைக் கொல்வதற்காகவே அவனை வளர்க்கிறாள். அவனோ வளர்ந்ததும் நகரத்துக்குப் போய், அந்த வேலையே வேண்டாம் என்று இருந்துவிடப் பார்க்கிறான். நகரத்தில் திறக்கவே முடியாத கதவுகள். கலவரம், கொள்ளைநோய், தடுப்பு முகாம் எல்லாம் மந்திரங்களுக்குப் பக்கத்திலேயே அன்றாட விஷயமாக வந்து போகின்றன. வட்டம் இரண்டாகப் பிரிந்தது. நடுப்பகுதியில் கதை நகரவே இல்லை என்றவர்களுக்கு என் பதில்: முகாமில் இருப்பவனுக்கும் எதுவும் நகராது. இந்த ஆண்டு படித்தவற்றில் இரண்டாம் முறை படிக்க வேண்டியது எது என்றால் நான் இதைத்தான் சொல்வேன். கடைசி இருபது பக்கங்களிடம் மட்டும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள், அவ்வளவுதான்.

விருதுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டியலைப் பார்த்தே படிக்கிறோம் என்ற புகாரை ஏற்கிறேன், ஏனென்றால் உலகம் முழுக்க வரும் கதைகளைச் சலித்தெடுக்க நமக்கு ஆள் இல்லை. ஆனால் 2023இன் ஹியூகோவில் ஆர். எஃப். குவாங்கின் ‘பேபல்’ உள்ளிட்ட சில படைப்புகள் காரணம் சொல்லப்படாமலேயே தகுதியற்றவை என்று ஒதுக்கப்பட்டது, மறு ஆண்டு ஜனவரியில் வாக்கு விவரம் வெளியானபோதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. எனவே அடுத்த ஆண்டு பட்டியலில் பாதியை உறுப்பினர்களின் பரிந்துரையிலிருந்து எடுக்க நிர்வாகக் குழு உத்தேசித்துள்ளது. பரிந்துரைப்பவர் அந்தக் கதையைப் படித்திருக்க வேண்டும் என்பது ஒரே நிபந்தனை.

வட்டத்தின் சிறுகதைப் போட்டியைப் பற்றியும் முடிவெடுக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு எழுதிய கதைகளை ஏற்கலாமா என்று கேட்டு உறுப்பினர்கள் எழுதியிருந்தார்கள். முன்பு சொன்ன ‘கிளார்க்ஸ்வேர்ல்ட்’ இதழுக்கு 2023 பிப்ரவரியில் இப்படிப்பட்ட கதைகள் 500ஐத் தொட்ட நிலையில், கதைகள் பெறுவதையே சில காலம் நிறுத்தி வைத்தார்கள். நமக்கு வருவது விரல்விட்டு எண்ணக்கூடிய கதைகள்தான். என்றாலும் வாசித்துத் தேர்வு செய்வோர் சம்பளம் இல்லாமல் இரவில் கண்விழித்துப் படிக்கிறார்கள். யாரும் எழுதாத கதையை அவர்கள் ஏன் படிக்க வேண்டும்? ஏற்பதில்லை என்று நிர்வாகக் குழு பரிந்துரைக்கிறது.

ஆங்கிலத்தில் படிக்கச் சிரமப்படும் உறுப்பினர்களுக்காகக் கதைச்சுருக்கம் தயாரித்துத் தந்த மூவருக்கு நன்றி. அவர்களில் ஒருவர் சுருக்கத்திலேயே முடிவைச் சொல்லிவிடும் வழக்கத்தை அடுத்த ஆண்டு கைவிடுவார் என நம்புகிறேன்.

கீழ்க்கண்டவற்றைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்மொழிகிறேன்: அடுத்த ஆண்டும் சிறிய வடிவங்களுக்கே முன்னுரிமை, நாவல் இரண்டுக்கு மேல் வேண்டாம், பட்டியலில் பாதி உறுப்பினர் பரிந்துரை, போட்டிக்கான மேற்படி விதி. வழிமொழிய விரும்புவோர் கை உயர்த்தலாம்.

இவண்,
செயலாளர்