தபால்காரர் உறையைப் பிரித்துப் படிக்கிறார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்லின் உள்வேலைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நடை நன்றாக இருந்தது. ஆனால் "டி.என்.ஏ. முதலாளி, புரதங்கள் தொழிலாளிகள், ஆர்.என்.ஏ. வெறும் தபால்காரர்" என்ற வரியும், பக்கத்திலேயே, டி.என்.ஏ.வின் குறிப்பைப் புரதத் தயாரிப்புக்குக் கொண்டுபோகும் தூது ஆர்.என்.ஏ.வை நேர்க்கோடாக வரைந்திருந்த படமும் உறுத்திக்கொண்டே இருந்தன. மேல்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் உயிரியல் நடத்தியவள் நான். இதே வரியைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேனோ, கணக்கில்லை. ஆகவே கட்டுரையாளரைக் கண்டிக்கும் தகுதி எனக்குக் கிடையாது. 'வெறும்' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடச் சொல்கிறேன்.

ஆர்.என்.ஏ. பெரும்பாலும் ஒற்றை இழை. துணை இழை இல்லாததால் அது சும்மா கிடக்காது. தன்மேலேயே மடங்கும், அதன் வேதி எழுத்துகளில் ஓரிடத்து அடினின் இன்னோரிடத்து யூராசிலைப் பிடிக்கும், குவானின் சைட்டோசினைப் பிடிக்கும். இதைக் காட்டுவதற்காகவே ஒரு மீட்டர் தலைநாடாவில் டிச் பட்டன்கள் தைத்து வகுப்புக்கு எடுத்துப் போவேன். ஒரு விதமாக மாட்டினால் சிவப்பு நூலால் குறித்த இடம் வெளியே தெரியும். வேறு விதமாக மாட்டினால் அந்த இடம் மடிப்புக்குள் மறைந்துவிடும். நாடாவும் பட்டன்களும் அவையேதான். சிவப்பு நூல்தான், குறிப்பைப் படித்துப் புரதம் கட்டும் ரைபோசோம் வந்து அமரும் இடம் என்று சொன்னதும் கடைசி வரிசை மாணவிகள்கூட எழுந்து நின்று பார்ப்பார்கள்.

எந்த மடிப்பு விழ வேண்டும் என்று யார் முடிவு செய்வது? ஈ.கோலி பாக்டீரியாவை எடுத்துக்கொள்வோம். தனக்கு வேண்டிய தயமினை, அதாவது வைட்டமின் பி1ஐ, அது தானே தயாரித்துக்கொள்கிறது. இரண்டு பாஸ்பேட்டுகள் சேர்ந்த தயமின் பைரோபாஸ்பேட்தான் நொதிகளுக்குக் கைகொடுக்கும் வடிவம். அது போதுமான அளவு சேர்ந்ததும் தயாரிப்பு நிற்க வேண்டும். மேற்பார்வைக்கு ஏதாவது ஒரு புரதம் இருக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அப்படி ஒன்றும் அகப்படவில்லை. 2002இல் யேல் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் பிரேக்கர் குழு விடையைச் சொன்னது. தயமினைத் தயாரிக்கும் நொதிகளுக்கான தூது ஆர்.என்.ஏ.வின் முன்பகுதியே தயமின் பைரோபாஸ்பேட்டை நேரடியாகப் பிடித்துக்கொள்கிறது. பிடித்ததும் மடிப்பு மாறுகிறது, ரைபோசோமின் இடம் மறைகிறது, நொதி உருவாவதில்லை. அதே ஆண்டில் நியூயார்க்கில் எவ்ஜெனி நட்லர் குழு பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவில் கண்டது இன்னும் வேடிக்கை. அங்கே டி.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போதே மடிப்பு விழுந்து, எழுத்து பாதியில் நின்றுவிடுகிறது. இந்த மடிப்புகளுக்கு ரைபோஸ்விட்ச் என்று பெயர் வைத்தார்கள்.

ரைபோஸ்விட்ச் தயமின் பைரோபாஸ்பேட்டைப் பிடிக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். 2006இல் இதன் படிக அமைப்பு, அதாவது படிகமாக்கிக் கண்ட முப்பரிமாண வடிவம், வெளியானது. மடிந்த ஆர்.என்.ஏ.வில் இரண்டு கைகள். ஒரு கை தயமினின் பிரிமிடின் முனையைப் பற்றுகிறது, மற்றது பாஸ்பேட் முனையை. ஆர்.என்.ஏ.வும் எதிர்மின்னூட்டம், பாஸ்பேட்டும் எதிர்மின்னூட்டம். ஒன்றையொன்று தள்ள வேண்டியவை. நடுவில் மக்னீசியம் அயனிகள் நின்று சமாதானம் செய்துவைக்கின்றன. இரு முனைகளுக்கும் இடையிலுள்ள தயசோல் வளையத்தை இந்தக் கைகள் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. அங்கேதான் ஏமாறுகின்றன. பைரிதயமின் என்ற நச்சுப் பொருளில் அந்த நடு வளையம் மட்டும் வேறு. உள்ளே போய்ப் பாஸ்பேட் ஏற்றதும் ரைபோஸ்விட்ச் அதைத் தயமின் என்றே நம்பி ஆலையை மூடிவிடுகிறது. பாக்டீரியா வைட்டமின் இல்லாமல் தவிக்கிறது. இந்த நஞ்சைத் தாங்கிப் பிழைத்த பாக்டீரியாக்களைச் சோதித்தபோது, பழுது ரைபோஸ்விட்சிலேயே இருந்தது. இதைவிட நல்ல சாட்சி வேறு என்ன வேண்டும்?

பாக்டீரியாவோடு நின்றிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். தயமின் ரைபோஸ்விட்ச் நெற்பயிரிலும் இருப்பதை பிரேக்கர் குழு 2003இல் எழுதியது. டெல்டாக்காரியான எனக்கு அதைப் படித்ததும் ஒரு சிறு பெருமை, நான் ஏதோ கண்டுபிடித்துவிட்டதைப் போல! பயிர் தன் தயமினை அளந்து அளந்து தயாரிக்கிறது. நாமோ அரிசியைப் பளபளவென்று தீட்டித் தவிட்டோடு அதைக் கழித்துவிடுகிறோம். புழுங்கல் அரிசிக்காரர்கள் மட்டும் கொஞ்சம் தப்பித்தோம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தயமினில் ஒரு பகுதி மணிக்குள் இறங்கிவிடுவதுதான் காரணம்.

அளவு ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். தாவர ஆராய்ச்சியில் அடிக்கடி பயன்படும் அராபிடாப்சிஸ் செடியில் இந்த ரைபோஸ்விட்சை வேலை செய்யாமல் ஆக்கிப் பார்த்து 2013இல் எழுதினார்கள். தயமின் பைரோபாஸ்பேட் அளவுக்கு மீறிச் சேர்ந்தது. சர்க்கரையை எரிக்கும் பாதைகளின் நொதிகள் அதைத் துணைக்கொண்டு இயங்குபவை. அவை வேகமெடுத்தன. செடி கொழுத்து வளரும் என்றுதானே நினைப்போம்? அது வெளிறி, வளர்ச்சி குன்றிப்போனது. வளர்சிதை மாற்றத்தின் கடிவாளம் ஒரு மடிப்பில் இருக்கிறது என்பதை நான் இந்த ஒரு சோதனையைப் படித்துத்தான் நம்பினேன்.

பி12, லைசின், குவானின் என்று வேறு பல பொருள்களுக்கும் இப்படி மடிப்புகள் உண்டு. குளுக்கோசமின்-6-பாஸ்பேட் என்ற சர்க்கரைப் பொருள் சேர்ந்ததும் தன்னைத் தானே வெட்டிக்கொள்ளும் ஆர்.என்.ஏ. ஒன்றும் இருக்கிறது. மனிதரில் தயமின் ரைபோஸ்விட்சோ, ரைபோஃபிளேவின் என்ற வைட்டமின் பி2க்கான ரைபோஸ்விட்சோ கிடையாது. எனவே மருந்து தேடுவோருக்கு இவற்றின்மேல் ஒரு கண். மெர்க் என்ற மருந்து நிறுவனம் 2015இல் வெளியிட்ட ரைபோசில் என்ற பொருள், பாக்டீரியாவின் ரைபோஃபிளேவின் ரைபோஸ்விட்சில் அமர்ந்து வைட்டமின் தயாரிப்பை முடக்கியது.

மறுபதிப்பில் அந்த ஒரு சொல்லை நீக்கிவிடுங்கள்; படத்திலும் நேர்க்கோட்டுக்குப் பதில் ஒரு மடிப்பையாவது வரையச் சொல்லுங்கள். ஓவியருக்கு மாதிரி வேண்டுமானால் என் நாடாவை அனுப்பிவைக்கிறேன். மூன்று பட்டன்கள் கழன்றிருக்கின்றன, தைத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
மன்னார்குடி.